பொய்க்கிழங்கு

நான் வேலை பார்க்கும் கிரீன்ஹவுஸில் பிகோனியா என்ற பூச்செடியைச் சாதி பிரித்துப் பெயர் அட்டை குத்துவது என் பொறுப்பு. அதில் இரண்டு சாதி, பார்ப்பதற்கு அக்கா தங்கை போல இருந்து ஆளை ஏமாற்றும். ஒன்று மண்ணுக்குள் கிழங்கு வைக்கிற சாதி. பகல் சுருங்க ஆரம்பித்ததும் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுச் செத்தது மாதிரி படுத்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்றாமல் இருட்டில் வைத்திருந்தால் வெயில் திரும்பும்போது தானாக எழுந்து வரும். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தூங்குமூஞ்சி. இன்னொன்று ரீகர். அதற்குத் தூக்கம் கிடையாது. மாதக்கணக்கில் பூத்துத் தள்ளும், பிறகு ஓய்ந்து போகும். தண்ணீரை நிறுத்தினால் செத்துப் போகும். அதற்கு மேல் அதன் கதையில் ஒன்றுமில்லை.

கடைக்காரர்களுக்கே இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுமே அடுக்கடுக்காகச் சிவப்புப் பூ பூக்கும். பூவைப் பார்க்கிறவர்கள் பூவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. தூங்குமூஞ்சியில் ஒரு பெரிய அடுக்குப்பூ வந்தால், அதற்கு இரண்டு பக்கமும் ஒற்றை இதழ் வரிசையோடு இரண்டு சின்னப் பூக்கள் துணைக்கு நிற்கும். அவற்றின் முதுகில் இறக்கை வைத்த விதைப்பை இருக்கும். ரீகரில் அந்தத் துணைப் பூக்கள் இருக்காது. கொத்தாக, எல்லாம் ஒரே அளவில் வரும். தூங்குமூஞ்சியின் இலை உள்ளங்கை அகலம், தடவினால் மெத்தென்று இருக்கும். ரீகரின் இலை சின்னது, எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளக்கும். இதெல்லாம் இலையும் பூவும் இருக்கிற வரைக்கும்தான். இரண்டும் மொட்டையாகிவிட்டால் மண்ணுக்குள் விரலை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் சறுக்குவார்கள். ரீகரின் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரலுக்குக் கட்டியாகத் தட்டுப்பட்டதும், "கிழங்கு இருக்கு, உயிர் இருக்கு" என்று குதித்துக்கொண்டு ஓடி வருவார்கள். நிஜக் கிழங்கு தட்டையாக இருக்கும், நடுவில் ஒரு குழி விழுந்திருக்கும். இது வெறும் வீக்கம். இதற்கு எங்களிடம் ஒரு பெயர் உண்டு, பொய்க்கிழங்கு. பொய்க்கிழங்கை நம்பி ஒரு மேசை முழுக்கச் செத்த செடிகளை மாதக்கணக்கில் பத்திரப்படுத்தி வைத்த புண்ணியவான்களும் எங்களிடம் உண்டு.

வருஷா வருஷம் யாராவது ஒரு வாடிக்கையாளர் காய்ந்த ரீகரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, இது எப்போது எழுந்திருக்கும் என்று கேட்பார். எழுந்திருக்காது, போய் அடக்கம் பண்ணுங்கள் என்பேன். சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவ்வளவு காரம் ஆகாது என்பார். சின்ன வயதிலிருந்து என் அண்ணன் என்னை மிளகா என்றுதான் கூப்பிடுகிறான். செத்ததைச் செத்தது என்று சொல்வதில் எனக்கு ஒருநாளும் நாக்கு தடுமாறியதில்லை. அதைச் சொல்ல முடியாமல் நான் திணறியது ஒரே ஒரு செடி விஷயத்தில்தான்.

அந்தச் செடி அண்ணன் வீட்டு ஜன்னலில் இருந்தது. அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிபோனபோது நான்தான் ஒரு தூங்குமூஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரம் உடைந்த ஒரு நீலத் தொட்டியில் அண்ணி அதை வைத்தார். முதல் வருஷம் அது ஒழுங்காகத் தூங்கி ஒழுங்காக எழுந்தது. சிவப்பாக ஒரு முளை மண்ணைக் கீறிக்கொண்டு வந்த அன்று அண்ணன் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டாத குறை. எதிர் வீட்டு அம்மாவைக் கையோடு கூட்டிவந்து ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தி, "செத்துப்போனது திரும்பி வந்துருக்கு பாருங்க" என்றானாம். அண்ணன் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் வேலை செய்கிறான். நசுங்கி வருகிற வண்டிக்குப் பழைய நிறத்தோடு ஒட்டுகிற மாதிரி நிறம் கலப்பது அவன் வேலை. அதைத் தவிர உலகத்தில் அவன் பெருமைப்பட்டுக்கொண்டது அந்தச் செடியைப் பற்றித்தான்.

அடுத்த வருஷம் வெயில் காலத்தில் நான் போனபோது ஜன்னலில் செடி பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் பட்டறையில் இருந்தான். நான் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். துணைப் பூ இல்லை. இலை பளபளக்கிறது. அச்சு அசல் ரீகர்.

வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போய்விட்டார். நான் கொடுத்த செடி தூங்கும்போது பாவமாக இருந்ததாம், நடுநடுவே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாராம், கிழங்கு அழுகிப்போய்விட்டதாம். அண்ணனோ இந்த வருஷமும் வரும் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் கடைக்குப் போய் அதே மாதிரி சிவப்பில் ஒன்றை வாங்கி, ஒட்டியிருந்த கடைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நீலத் தொட்டிக்கு மாற்றி வைத்துவிட்டார்.

இது வேறு சாதி, இதற்குத் தூக்கமே கிடையாது, அடுத்த வருஷம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அடுத்த வருஷமும் கடை இருக்கும்ல," என்றார் அண்ணி.

நாத்தனார் என்று ஒருத்தி இருப்பதே அண்ணியைக் காட்டிக்கொடுக்கத்தான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பேர் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, அண்ணி அதன் பிறகு அந்தத் திருட்டை ஒரு கலையாகவே செய்தார். பூ ஓய்ந்ததும் தொட்டியைக் காகிதப் பையில் போட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்துவிடுவார். யாரும் பிரிக்கக் கூடாது, காற்றுப் பட்டால் கிழங்கு கெட்டுவிடும் என்று அவராகவே ஒரு சட்டம் போட்டார். செடி வளர்ப்பில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. வெயில் திரும்பியதும் ஒருநாள் பை வெளியே போகும், கொஞ்ச நேரத்தில் தொட்டி மட்டும் பூவோடு ஜன்னலுக்கு வரும். அண்ணன் வேலை முடிந்து வந்து வாயைப் பிளப்பான். எதிர் வீட்டு அம்மா வந்து பார்ப்பார். நான் வந்தால் எனக்கும் காட்டுவான். நானும் ஆகா ஓகோ என்பேன். அப்படியே வருஷங்கள் ஓடின.

போன தடவை செடியைப் பையில் போட்டு அலமாரியில் வைத்த கொஞ்ச நாளில் அண்ணி குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. அன்றிலிருந்து கண் திறக்கவில்லை. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள். மெஷின் மூச்சு விட்டது, அண்ணியின் மார்பு அதற்குத் தகுந்தபடி ஏறி இறங்கியது. குளிர்காலம் முழுக்க அப்படியே போனது.

வெயில் திரும்பத் தொடங்கியபோது டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துப் பேசினார். மேல் மூளையில் ஒன்றுமே மிஞ்சவில்லை, திரும்ப வரும் என்று சொல்ல வழியே இல்லை, உடம்புதான் கஷ்டப்படுகிறது, மெஷினை நிறுத்துவது பற்றிக் குடும்பம் யோசிக்க வேண்டும் என்றார். அவர் நல்ல மாதிரி. அவசரப்படுத்தவில்லை. அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்தான்.

"வீட்டுல ஒரு செடி இருக்கு டாக்டர். அது பூக்கட்டும், அப்புறம் சொல்றேன்," என்றான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதன் பிறகு யார் கேட்டாலும் அவனிடம் இதே பதில்தான். பூக்கட்டும். அண்ணன் மகளுக்கும் அவனுக்கும் பேச்சே குறைந்துபோனது. அவளை நாங்கள் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம், ஆனால் வளர்ந்த பெண், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வேலை முடிந்ததும் நேராக அம்மாவிடம் வருவாள். நான் ஒருநாள் போனபோது அம்மாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணியின் விரல்கள் நீர் கோத்து உப்பிப்போயிருந்தன, மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். வாயோரம் தோல் உரிந்திருந்தது. நர்ஸ் புரட்டிப் படுக்க வைக்க வந்தபோது பாப்பா போர்வையை விலக்கிக் குதிகாலைக் காட்டினாள். படுத்துப் படுத்துப் புண்ணாகி, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அது எலும்பு என்று அவள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அவளும் பின்னாலேயே வந்தாள். அலமாரியில் இருக்கிற பையை அப்பா தினமும் திறந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கிறார் என்றாள். கிழங்கு கெட்டியாக இருக்கிறது, உங்கம்மா சொன்ன மாதிரியே வந்துவிடும் என்கிறாராம்.

"அத்தை, அது வராது. வருஷா வருஷம் அம்மா கடையிலேருந்து வாங்கிட்டு வந்து மாத்திருவாங்க. போன ரெண்டு தடவ என்னைத்தான் அனுப்பினாங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

எனக்குத் தெரியும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு சிரித்தாள், பிறகு அழுதாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். ஒரே ரகசியத்தை அத்தையும் மருமகளுமாகத் தனித்தனியே காத்துக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி நடித்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

"நீங்க சொல்லிருங்க அத்தை. நான் சொன்னா அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். நீங்க செடி வேலை பாக்குறவங்க. பாத்தேன், இது அந்தச் சாதி இல்லன்னு மட்டும் சொல்லுங்க. அம்மாவப் பத்திச் சொல்ல வேணாம்."

சரி என்றேன். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. போய்ச் சொல்லப் போவது ஒரு செடியைப் பற்றி அல்ல. இது எழுந்திருக்காது என்று நான் சொன்னால், அண்ணன் அதை வைத்து அண்ணியின் மூச்சை நிறுத்தச் சொல்லப் போகிறான். இன்னொரு வழியும் எனக்கு இருந்தது. எங்கள் கிரீன்ஹவுஸில் மேசை மேசையாகச் சிவப்பு நிற்கிறது. ஒன்றைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தால் அவன் மகிழ்ந்து போவான். அதை நம்பிக்கொண்டு அண்ணியை இன்னொரு வருஷம் படுக்கவைப்பான். அந்தக் குதிகாலைப் பார்த்த பிறகு என்னால் அது முடியாது. எப்படிப் பார்த்தாலும் என் கையில்தான் வந்து நின்றது. என் நாக்குக்கு வந்த சோதனை என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

விடுமுறை நாள், மதியம். அண்ணன் சமையல் மேசையில் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமல் இருந்தான். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர். நான் ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டேன், சாப்பிட்டேன் என்றான். அடுப்பு காய்ந்துகிடந்தது. பையை எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினான்.

அலமாரியிலிருந்து பையை எடுத்து வந்து மேசைமேல் வைத்துப் பிரித்தேன். மண் இறுகித் தொட்டியின் பக்கத்தை விட்டு விலகியிருந்தது. காய்ந்த தண்டு ஒன்று குச்சியாக நின்றது. விரலை விட்டேன். கட்டி தட்டுப்பட்டது. சுற்றிலும் தடவினேன், தட்டையாக இல்லை, குழி இல்லை. பார்க்காமலே தெரிந்ததுதான். இருந்தாலும் அந்த ஒரு நிமிஷம், இத்தனை வருஷம் வேலை பார்த்த நானே, புதிதாக வந்தவள் மாதிரி, இது கிழங்காக இருந்துவிடக் கூடாதா என்று இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன்.

"அண்ணா, இது ரீகர். நான் குடுத்த சாதி இல்ல. இது தூங்கல. செத்துருச்சு."

"தெரியும்," என்றான்.

நான் விரலை மண்ணிலிருந்து எடுக்கவில்லை.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். ரெண்டாவது வருஷத்திலிருந்து என்றான். நான் கொண்டுவந்த செடியின் சிவப்பில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்திருந்ததாம். அடுத்த வருஷம் ஜன்னலில் வந்து உட்கார்ந்த சிவப்பில் நீலம் இருந்ததாம். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் கறுப்புத் தட்டிய சிவப்பு. ஒரு வண்டியின் கதவுக்கும் அடுத்த கதவுக்கும் சிவப்பில் இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத்தான் அவன் சம்பளம் வாங்குகிறான். நான் இலையையும் துணைப் பூவையும் பார்த்துக் கண்டுபிடித்ததை அவன் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்திருக்கிறான். அதுகூட எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருந்தது.

"அப்புறம் ஏன் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும். அந்தப் பைய மறைச்சு எடுத்துட்டுப் போறதுக்கு நேரம் பாத்துட்டே இருப்பா. நான் வேணும்னே கிளம்பிப் போய் தெருமுனையில நிப்பேன். வேலை முடிஞ்சு வந்ததும் என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பா, நம்பிட்டானான்னு. அந்தச் சிரிப்பு இருக்கே மிளகா. அதுக்காக எத்தனை வருஷம் வேணும்னாலும் நம்பலாம்."

பாப்பாவிடம் கிழங்கு கெட்டியாக இருக்கிறது என்றாயே என்று கேட்டேன். அவளுக்குத் தெரியாதல்லவா, அம்மா ஏமாற்றினாள் என்று எதற்கு அவளுக்குத் தெரிய வேண்டும் என்றான். அவளுக்கும் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை அவளுக்குத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, ஒருவருக்கொருவர் மறைப்பதிலேயே காலம் போயிருக்கிறது.

"அப்ப டாக்டர்கிட்ட ஏன் பூக்கட்டும்னு சொன்ன? அது பூக்காதுன்னு தெரிஞ்சே சொன்னியா?"

அவன் காய்ந்த தண்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"தானா பூக்காது. அவ எழுந்து கடைக்குப் போனாத்தான் பூக்கும். அதான் சொன்னேன். அது பூத்துச்சுன்னா அவ எழுந்துட்டான்னு அர்த்தம். வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் கூடவே அந்தக் குதிகாலும் கண்ணுக்குள் வந்து நின்றது. எனக்குள் கோபம் பொங்கியது. அண்ணன் மேல் இத்தனை பாசம் பொங்கும்போது கோபமும் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"நீ காத்திரு அண்ணா. வாழ்நாள் பூரா காத்திரு, உன்னை யாரு வேணாங்கிறா. அவங்கள ஏன் காக்க வெக்கிற? குதிகால்ல எலும்பு தெரியுது. நீ போர்வைய விலக்கிப் பாத்தியா? இவ்வளவு வருஷம் உனக்காக ஓடி ஓடிக் கடைக்குப் போன காலு அது."

அவன் பார்க்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. அண்ணியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், எழுந்து வந்துவிடுவான். அவன் தொட்டிக்குள் கையை விட்டு, தண்டை வேரோடு பிடுங்கி, அந்தப் பொய்க்கிழங்கை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினான். காய்ந்த நார் மாதிரி நொறுங்கி மேசையில் கொட்டியது. அதைக் கையாலேயே கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

"டாக்டர்கிட்ட நாளன்னைக்கு வர்றோம்னு சொல்லிரு. நாளைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கு," என்றான்.

அந்த வேலை என்ன என்று மறுநாள் அவன் என்னையும் கூட்டிக்கொண்டு செடிக்கடைக்குப் போனபோதுதான் தெரிந்தது. வாசலில் பிகோனியாக்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள், இரண்டு சாதியையும் ஒன்றாகக் கலந்து, ஒரே அட்டை குத்தி. வேறு நாளாக இருந்தால் கடைக்காரரோடு சண்டைக்கு நின்றிருப்பேன். அண்ணன் ஒவ்வொரு தொட்டியாக எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பட்டறையில் நிறம் ஒத்துப் பார்ப்பதும் இப்படித்தான். கடைக்காரர் உதவி செய்ய வந்தார், நான் கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னேன்.

வரிசையில் ஒரு நல்ல தூங்குமூஞ்சி இருந்தது. கொழுத்த தண்டு, நடுப்பூவுக்கு இரண்டு பக்கமும் துணைப் பூக்கள். அதை எடுத்து அவனிடம் நீட்டினேன். இது நான் முதலில் கொடுத்த சாதி, தண்ணீர் ஊற்றாமல் வைத்தால் அடுத்த வருஷம் நிஜமாகவே எழுந்து வரும், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அதை வாங்கிப் பார்த்தான். நல்ல சிவப்பு என்றான். திருப்பி வரிசையில் வைத்துவிட்டான்.

"அவ வாங்குறது இது இல்ல," என்றான்.

கடைசியில் ஒரு ரீகரை எடுத்தான். போன வருஷம் ஜன்னலில் இருந்த அதே சிவப்பு என்றான். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் நீலத் தொட்டிக்குள், கடையின் பிளாஸ்டிக் தொட்டியோடு அப்படியே இறக்கி வைத்தான். மண் மாற்றி வைக்கிற கை அவனுக்கு இல்லை. நான் மாற்றித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றான்.

மறுநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். அந்த வார்டுக்குள் மண் கொண்டுபோகக் கூடாதாம். நர்ஸ் மெதுவாகத்தான் சொன்னாள், மற்ற நோயாளிகளுக்கு ஆபத்து என்றாள். அண்ணன் வாதாடவில்லை. அண்ணியின் கண்ணுக்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிட்டு எடுத்துவந்துவிடலாமா என்று மட்டும் கேட்டான். அண்ணி கண்ணை மூடியிருந்தார் என்பதை அந்த நர்ஸ் சொல்லவில்லை, முடியாது என்று மட்டும் சொன்னாள். அவன் தொட்டியை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனான். பாப்பாவும் போனாள்.

நான் வெளியே நடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் செடி. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பூவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். யாருக்கோ குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். கதவு மூடியிருந்தாலும் மெஷின் சத்தம் மெலிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. மெஷின் நின்ற பிறகும் அண்ணி தானாகக் கொஞ்ச நேரம் மூச்சு விட்டாராம், பாப்பா பிறகு சொன்னாள். அப்பா அந்த நேரம் முழுக்க அம்மாவின் குதிகாலைக் கையில் தாங்கிக்கொண்டு நின்றார் என்றாள்.

பாப்பாதான் முதலில் வெளியே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டியை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் அழுதேன். அண்ணி எனக்கு அண்ணியாக வந்தவர் மட்டுமல்ல, என் காரத்தைச் சகித்துக்கொண்ட ஒரே பெண்.

எல்லாம் முடிந்து இரண்டொரு நாள் கழித்து ஆட்கள் வந்து துக்கம் விசாரித்தார்கள். அண்ணன் சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் பதில் சொன்னான். ஜன்னலில் நீலத் தொட்டி இருந்தது. செடிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த களைப்பு ஒன்றும் தெரியவில்லை, கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது.

எதிர் வீட்டு அம்மா கடைசியாக வந்தார். வயதானவர், நடக்கக் கஷ்டப்படுபவர். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். பிறகு திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தார்.

"இந்த வருஷமும் வந்துருச்சா தம்பி?"

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"வந்துருச்சும்மா," என்றான் அண்ணன். "அவ பத்திரமா எடுத்து வெச்சிருந்தா. கை ராசி அவளுக்கு."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிட்டே போய்ப் பார்க்கிறேன் என்று ஜன்னலை நோக்கி மெதுவாக நடந்தார். அப்போதுதான் கவனித்தேன். நீலத் தொட்டியின் உடைந்த ஓரத்துக்கு மேலே கடைக்காரரின் பிளாஸ்டிக் தொட்டி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதில் கடைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. நான் எழுந்து, அவருக்கு முந்திப் போய், செடியைப் பார்க்கிறவள் மாதிரி குனிந்து மறைத்து நின்று, அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.